‘மேக்ஓவர்’: தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: பாடத்தை மொழிபெயர்ப்பவர்

அன்புடையீர், வணக்கம்.

திரைப்பட வகுப்புக்காகக் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எவரும் திரும்பிப் பார்க்காத பெண் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றி, கூந்தலைத் திருத்தி, புத்தாடை உடுத்தி மாடிப்படியில் இறங்கி வர, நாயகன் வாயடைத்து நிற்கும் காட்சி இவ்வகைப் படங்களின் உயிர்நிலை. அதற்குரிய ‘மேக்ஓவர்’ என்னும் சொல் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘உருமாற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். அறிவியல் பாடத்தில் புழு வண்ணத்துப்பூச்சியாவதையும் புவியியலில் பாறை மாறுவதையும் அச்சொல்லால் படித்தவர்களுக்கு இந்தப் பெண் நினைவுக்கு வருவாளா என்பது ஐயமே. நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

* * *

அனுப்புநர்: தமிழாசிரியர்

‘கோலமாற்றம்’ எனலாம். உடை, அணி, நிற்கும் நிலை ஆகிய அனைத்தும் ‘கோலம்’ என்பதில் அடங்கும். மணக்கோலம் என்றால் எவருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. மகர ஈறு கெட்டுப் புணர்வதால் ஓசையும் இடறவில்லை.

* * *

அனுப்புநர்: இலக்கண ஆர்வலர்

ஆசிரியர் அவர்களின் சொல் நன்று. ஆனால் அதன் பின்பாதியைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. ‘மாறு’ என்பது தன்வினை, ‘மாற்று’ என்பது பிறவினை. ‘மாற்றம்’ என்று பெயராக்கியவுடன் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவளே மாறினாளா, தோழியும் முடிதிருத்துபவரும் பந்தயம் கட்டிய இளைஞனும் சேர்ந்து அவளை மாற்றினார்களா என்பது சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. இப்படங்களைப் பற்றி எழும் வாதமே இந்த ஒரு வினையைச் சுற்றித்தான் என்பதால், அதை மறைக்கும் சொல்லைப் பாடத்தில் வைக்கலாமா?

இன்னொன்றையும் சொல்ல அனுமதியுங்கள். பழந்தமிழில் ‘மாற்றம்’ என்பதற்குச் சொல், மறுமொழி என்னும் பொருள்களும் உண்டு. ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்பது குறள் (725). ‘மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே’ என்கிறது திருவாசகம். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் (1913) இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் பாட்டி; அதில் பூ விற்கும் பெண்ணிடம் ஒலியியல் அறிஞர் மாற்ற முனைவது முதன்மையாக அவள் பேச்சையே. அந்தப் பேராசிரியரை அவள் மணக்கவில்லை என்று ஷா பின்னுரை எழுதி வலியுறுத்தவும் செய்தார். ஆக, ‘மாற்றம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே பேச்சு இருக்கிறது. ‘கோலம்’ அதை உடையளவில் சுருக்கிவிடுகிறது.

* * *

அனுப்புநர்: பாடத்தை மொழிபெயர்ப்பவர்

ஐயா, மிக்க நன்றி. ஆனால் மாற்றம் என்றால் பேச்சு என்பதை மாணவர்களுக்கு விளக்கத் தனியாக ஒரு பாடம் எழுத வேண்டியிருக்கும். இன்று புதன்கிழமை.

* * *

அனுப்புநர்: தனித்தமிழ் அன்பர்

‘புனை’ என்னும் வேர் இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்? நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்து அணிகலன் துறந்திருக்கும் அரசியைப் புலவர் ‘புனையா ஓவியம்’ என்கிறார்: வண்ணம் தீட்டப்படாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம். உங்கள் பாடத்தின் முதற்பாதியில் வரும் பெண்ணை அழகற்றவள் என்று இழிக்காமல் சுட்ட இதனினும் சிறந்த தொடர் கிடைக்காது. அவளைப் ‘புனையாத் தலைவி’ என்றும், அந்தக் காட்சியை ‘மறுபுனைவு’ என்றும் எழுதுங்கள். ‘நாயகி’ வடசொல் ஆதலின் நீக்குக.

* * *

அனுப்புநர்: முதுகலை மாணவி

‘புனையா ஓவியம்’ என்பதைப் படித்ததும் மகிழ்ந்தேன், ஐயா. ஆனால் இன்று ‘புனைவு’ என்றால் கதை. ‘மறுபுனைவு’ என்றால் பழைய கதையை வேறு விதமாக எழுதுவது. ‘தலைவி’ என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் வகுப்பில் ‘மேக்ஓவர்’ என்றே சொல்கிறோம். ‘மேக்கப்’ புழங்கும் மொழியில் அதுவும் புழங்கிவிட்டுப் போகட்டுமே.

* * *

அனுப்புநர்: தனித்தமிழ் அன்பர்

‘மேக்கப்’ புழங்கிய இடத்தில்தான் ‘ஒப்பனை’ வந்து அமர்ந்தது. அதற்கும் அன்று இதே மறுப்பைத்தான் சொல்லியிருப்பார்கள்.

* * *

அனுப்புநர்: ஒப்பனைக் கலைஞர்

நான் இலக்கணம் அறிந்தவன் அல்லன். தொழில் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தகைய பாத்திரத்துக்குப் பெரும்பாலும் அழகுக்குப் பெயர் பெற்ற நடிகையைத்தான் தேர்வு செய்கிறார்கள். ஆகவே எங்கள் உழைப்பில் பெரும்பகுதி முதற்பாதியில்தான் செலவாகிறது: தடித்த சட்டமிட்ட கண்ணாடி, படியாத முடி, நிறத்தை மங்கச் செய்யும் பூச்சு, அளவுக்கு மீறித் தொளதொளக்கும் சட்டை. மாடிப்படிக் காட்சியில் பூசியவற்றை எடுத்துவிடுகிறோம், அவ்வளவே. நீங்கள் எதை மாற்றம் என்கிறீர்களோ, அது எங்களுக்கு வேடத்தைக் களைவது. ஆகவே ‘வேடக்களைவு’ என்றால் பொருந்துமா?

* * *

அனுப்புநர்: இலக்கண ஆர்வலர்

கலைஞர் அவர்கள் நம் அனைவரையும் வென்றுவிட்டார். மணிமேகலை காப்பியத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அரசகுமாரன் உதயகுமரனுக்கு அகப்படாதிருக்க மணிமேகலை, தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் உருவத்தை மந்திரத்தால் எடுத்துக்கொள்கிறாள். அந்த உருவத்துக்குள் இருப்பவள் மணிமேகலைதான் என்று அவன் ஊகித்தும் விடுகிறான். வெறும் கண்ணாடிக்குள் இருப்பவளைக் கண்டுகொள்ளாத நம் திரை நாயகர்களைவிட அவன் கூரியவன். (பின்னர் அவன் காயசண்டிகையின் கணவனால் வெட்டுண்டு இறப்பது காதல் நகைச்சுவைக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைத் தொல்காப்பியர் கூறுகிறார். இப்படங்களின் முற்பாதி எள்ளலிலேயே ஓடுகிறது; அவளைப் பார்த்துச் சிரிக்குமாறு நாம் அழைக்கப்படுகிறோம். அந்த எள்ளலுக்கு முதலே ஒட்டவைத்த வேடம்தான் என்பதை ‘வேடக்களைவு’ வெளிப்படையாகச் சொல்கிறது.

* * *

அனுப்புநர்: தமிழாசிரியர்

அது காட்சியைப் பற்றிய திறனாய்வு; காட்சியின் பெயர் ஆகாது. கதைக்குள் வாழும் அந்தப் பெண்ணுக்கு அது வேடமன்று, அவள் தன்னை அப்படித்தான் அறிந்திருக்கிறாள். நடிகையையும் பாத்திரத்தையும் குழப்பும் சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

* * *

அனுப்புநர்: பாடத்தை மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பாடத்தை ஒப்படைத்துவிட்டேன். எழுதியவர்களில் மூவர் சற்றுக் களைப்புடன் ‘கோலமாற்றம்’ போதும் என்று தனியே தெரிவித்ததால் அதையே வைத்து, முதன்முறை வருமிடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் மேக்ஓவர் என்று எழுதினேன். ‘புனையாத் தலைவி’யை விட மனமில்லாமல் ஓர் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். மற்ற இடங்களில் அவள் ‘எவரும் திரும்பிப் பார்க்காத பெண்’ என்றே வருகிறாள். நீளம்தான், ஆனாலும் பொய்யில்லை.

* * *

அனுப்புநர்: இலக்கண ஆர்வலர்

மகிழ்ச்சி. சொல்லடைவில் ‘வேடக்களைவு: காண்க கோலமாற்றம்’ என்று ஒரே ஒரு வரி சேர்க்க இன்னும் இடம் இருக்குமா?

* * *

அனுப்புநர்: தனித்தமிழ் அன்பர்

‘வேடம்’ தமிழ்ச்சொல்தானா என்று முதலில் பார்த்துவிட்டீர்களா?