ராக்ஃபால் சிமுலேஷனில் எல்லாக் கல்லும் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறது, உதவி தேவை

மலைப்பாதை:
வணக்கம். கல்லாறு–குன்னூர் மலைரயில் பாதையில் ஒரு சரிவை ராக்ஃபாலில் (கல் உருண்டு விழுவதைக் கணிக்கும் மென்பொருள்) குறுக்குவெட்டாகப் போட்டு ஓட்டுகிறேன். 1 கன மீட்டர் சார்னோகைட் (நீலகிரியின் கடினப் பாறை) கல், மேல் முகட்டிலிருந்து விழுகிறது. உயரத் தரவு எஸ்ஆர்டிஎம், அதாவது விண்வெளியிலிருந்து ரேடாரில் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மீட்சிக் குணகம் (மோதிய பின் மிஞ்சும் வேகத்தின் பங்கு) சரிவு முழுக்க செங்குத்தில் 0.53, ஒட்டிய திசையில் 0.99. ஒரு கல்கூட நிற்பதில்லை. நேரில் பார்த்தால் தண்டவாளத்துக்கு மேலேயே, மரங்களுக்கிடையே, பாசி பிடித்த பெரிய கற்கள் நிறையக் கிடக்கின்றன. எங்கே இடிக்கிறது?

சிவில்_கோவை:
0.53/0.99 என்பது மண்ணே இல்லாத கெட்டிப் பாறைக்கான எண். செடி முளைத்த மண்ணுக்கு செங்குத்தில் 0.30, ஒட்டிய திசையில் 0.80 போடுங்கள். சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாறை எங்கே மண் எங்கே என்று தனித்தனியாகக் கொடுங்கள். அப்புறம், வேகத்துக்கேற்பக் குணகம் குறையும் தேர்வை இயக்குங்கள். வேகமாக வரும் கல் மண்ணைக் குழி பறித்து ஆற்றலை இழக்கும். ஃபைஃபர்–போவென் சூத்திரப்படி நொடிக்கு 20 மீட்டரில் செங்குத்துக் குணகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும்.

பாறைமுனை:
குணகத்தை விட எனக்கு உறுத்துவது அந்த 30 மீட்டர் தரவுதான். தண்டவாளம் ஓடுவதற்காகச் சரிவில் வெட்டிய தளம் சில மீட்டர் அகலம். அது உங்கள் கோட்டில் இருக்கவே இருக்காது. கல் நிற்கக்கூடிய படிகளும் மழுங்கிப்போயிருக்கும். மரம் அடர்ந்த இடத்தில் டிரோன் படம் இலைகளைத்தான் காட்டும். டேப்பும், சாய்வுக் கோணம் அளக்கும் கிளைனோமீட்டரும் எடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கி, ஏறி அளந்துவிடுங்கள்.

மலைப்பாதை:
மிக்க நன்றி. குணகங்களை மாற்றியதும் பெரும்பாலான கற்கள் மேலேயே நிற்கின்றன, சில மட்டும் பாதைக்கு வருகின்றன. அவையும் நிற்கும்வரை இன்னும் குறைக்கலாமா?

பாறைமுனை:
வேண்டாம். கல்லைத் தடுக்கும் வலை வேலி போடுவதே அந்தச் சிலவற்றுக்காகத்தான். உங்கள் 1 கன மீட்டர் கல் சுமார் 2.7 டன்; அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் வேலி தாங்க வேண்டியது 540 கிலோஜூல், சுழற்சி ஆற்றல் தனி. பாசிக் கற்கள் கிடக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து, சிமுலேஷனில் கற்கள் நிற்கும் இடங்களோடு ஒப்பிடுங்கள். மரத்தில் அடிபட்ட தழும்பின் உயரம் துள்ளல் உயரத்தைச் சொல்லும்.

இன்னொன்று. நீலகிரியில் சார்னோகைட் சிதைந்து செம்மண்ணாகி, நடுவில் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் கரைந்தால் அவை நடுச்சரிவிலிருந்தே கழன்று வரும். முகட்டிலிருந்து மட்டும் கல்லை விட்டால் அவை கணக்கில் சேராது. தண்டவாளத்துக்கு நேர்மேலே உள்ள மண்வெட்டிலிருந்தும் விட்டுப் பாருங்கள். வேகம் குறைவாக இருந்தாலும், நிற்க இடம் கிடையாது.