'பர்' என்ற சொல்லுக்குப் பிசிறு மட்டும் போதாது, பொய்க்கூரும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

வில்வித்தைக் கையேட்டை மொழிபெயர்க்க நாம் சேர்த்துவரும் கலைச்சொல் தொகுப்பு 'பர்' (burr, தீட்டும்போது அலகின் ஓரத்தில் எழும் மெல்லிய இழை) என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. பிசிறு, மடிவாய், மிகைவிளிம்பு, கம்பிவிளிம்பு என்று நான்கு பரிந்துரைகள் இருக்கின்றன. நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கவாத்துக் கத்தி தீட்டிக் கொடுக்கிறவன். கல்லோடு பழகியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். இங்கே பெயர் கேட்கும் பொருள்கள் இரண்டு. ஒன்றுக்குப் பிசிறு, மற்றதற்குப் பொய்க்கூர் என்பது என் பரிந்துரை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அலகின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், இரண்டு சரிவுகளும் சந்திக்கிற இடத்தில் இரும்பு மிக மெல்லியதாகிவிடும். அதற்கு மேல் கல்லால் அதை அறுக்க முடியாது. அது வளைந்துகொடுத்து மறுபக்கம் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்து நிற்கும் நுண்ணிய இழைதான் பர். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. முதுகிலிருந்து வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, நோக்கி நகத்தை வழித்தால் கடைசியில் தட்டும். மருந்துக்கடைப் பஞ்சை அதே திசையில் இழுத்தால் நூல் சிக்கும். இந்தப் பக்கம் வாய்வரை தேய்ந்துவிட்டது, இனி அலகைத் திருப்பலாம் என்று தீட்டுகிறவருக்கு அது சொல்கிறது. நுனியிலிருந்து அடிவரை அது எழவில்லை என்றால், எங்கோ ஓரிடம் இன்னும் மொக்கையாக இருக்கிறது என்று பொருள்.

கூடலூர் அண்ணன் எழுதியது:

> பிசிறு என்றாலே மக்கள் குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே எழுப்புகிற ஒன்றுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி அண்ணா. துணி ஓரத்தில் பிசிறு, லேத்தில் துளை போட்ட ஓரத்தில் பிசிறு, பாடகரின் குரலில் பிசிறு என எல்லாமே நீக்க வேண்டியவைதான். ஆனால் கத்தியிலும் கடைசியில் அதை நீக்கத்தானே போகிறோம்? நடுவில் அது கொஞ்ச நேரம் நமக்கு உதவுகிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை வினைச்சொல் தாங்கிக்கொள்ளும். பிசிறு எழுப்பு, பிசிறு திருப்பு, பிசிறு எடு. இந்த மூன்று வினைகளிலேயே ஒரு அலகைத் தீட்டும் வேலை முழுவதும் அடங்கிவிடுகிறது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் சொன்னாலும் உடனே புரியும். இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மடிவாய் என்ற சொல்லைக் கொடைக்கானல் அக்கா கொடுத்திருந்தார். அக்கா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. பதம் குறைந்த கத்தியை எலும்பிலோ முற்றிய மரத்திலோ போட்டால் "வாய் மடிஞ்சுபோச்சு" என்கிறோம். அது தீட்டும்போது எழுவதல்ல, பயன்படுத்தும்போது வருகிற கேடு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், நன்றாகத் தீட்டியவரும் கத்தியைக் கெடுத்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். மடிவாயை அந்தக் கேட்டுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மிகைவிளிம்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அகராதியில் நிற்கும், யார் வாயிலும் வராது.

கம்பிவிளிம்புக்கு வருகிறேன். அது 'வயர் எட்ஜ்' என்பதை அப்படியே பெயர்த்தது. வாயின் விளிம்பில் கம்பி எங்கே இருக்கிறது என்று படிப்பவர் தேடுவார். ஆனால் அது சுட்டுகிற பொருள் மிக முக்கியமானது. அதைத் தவறவிட்டால் நாம் மொழிபெயர்க்கிற கையேட்டுக்கே பயன் இருக்காது.

பிசிறை இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே போகும்போது, சில வேளை அது உதிராமல் வாயின் மேல் நேராக நிமிர்ந்து நின்றுவிடும். அப்போது அலகு பயங்கரக் கூராகத் தெரியும். கைமுடியை மழிக்கும், தாளை அறுக்கும். ஆனால் அந்தக் கூர் அலகுடையது அல்ல, அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற இழையுடையது. முதல் வெட்டிலேயே அது ஒடியும், அல்லது சாய்ந்துகொள்ளும். அதன் பின் கையில் இருப்பது மொக்கை அலகு. இதைத்தான் பொய்க்கூர் என்கிறேன். பொய்க்கால், பொய்ப்பல், பொய்முடி என்று இருப்பதுபோல் அசலின் இடத்தில் நின்று அசல்போலத் தோன்றுவதைப் பொய் என்ற முன்னொட்டால் சொல்வது நம் வழக்கம்தான். பொய்வாய் என்றும் யோசித்தேன். பொய் பேசும் வாய் என்ற பொருள் முந்திக்கொள்வதால் விட்டுவிட்டேன்.

சமையலறைக் கத்தியில் பொய்க்கூர் இருந்தால் இரண்டு நாளில் திரும்பத் தீட்டிக்கொள்ளலாம். வேட்டை அம்பின் அலகுமுனையில் அப்படி முடியாது. (பிராட்ஹெட் என்பதற்கு அலகுமுனை என்று முன்பே முடிவாகிவிட்டது, அதையே எழுதுகிறேன்.) துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் திசுச் சிதைவாலும் கொல்கிறது. அம்பிடம் அந்த வேகம் இல்லை. பழைய பாணி வில்லிலிருந்து புறப்படும் அம்பு வினாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில்தான் போகும். அது இரத்தக் குழாய்களை அறுத்தே கொல்ல வேண்டும். சுத்தமாக அறுபட்ட குழாயில் இரத்தம் உறைய நேரமாகும், விலங்கு விரைவில் விழும். மொக்கை அலகு குழாயைத் தள்ளிவிட்டுப் போகலாம், கிழித்துவிட்டும் போகலாம். அப்போது விலங்கு காயத்தோடு நெடுந்தூரம் ஓடி வதைபடும். மயிரையும் தோலையும் தாண்டிய பிறகும் அலகில் கூர் மிச்சம் இருக்க வேண்டும். பொய்க்கூர் அந்தத் தோலிலேயே போய்விடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வில்வேட்டை சட்டப்படி நடக்கிற இடங்களில் தீட்டுவதைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுவது இதனால்தான். நம்மிடம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இந்த மலையில் யாரும் இந்த முனையோடு காட்டுக்குள் போக முடியாது, போகவும் கூடாது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆனாலும் தீட்டும் அறிவு கவாத்துக் கத்திக்கும் அதேதான். பிய்ந்த வெட்டு விழுந்த தேயிலைக் கிளையில் அழுகல் இறங்கும், சுத்தமான சாய்வெட்டு சீக்கிரம் ஆறும்.

சொற்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, கையேட்டின் ஒரு பகுதியை இவற்றை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

"ஒருசரிவு அலகுமுனையில் சரிவைத் தேய்க்கும்போது பிசிறு தட்டைப் பக்கமே எழும். சரிவை 25 பாகையில் கல்லில் பிடித்து, அடி முதல் நுனிவரை பிசிறு எழும்வரை தேய்க்கவும். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து, அழுத்தமில்லாமல் தேய்த்துப் பிசிறைத் திருப்பவும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுக்கவும். அழுத்தம் குறையாவிட்டால் பொய்க்கூர் நிற்கும்."

தடையில்லாமல் ஓடுகிறது. எங்கேயும் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஒருசரிவு முனையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில்தான் பிசிறின் போக்கு தெளிவாகத் தெரியும். எட் ஆஷ்பி என்பவர் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய அம்புத் துளைப்பு ஆய்வுகளுக்குப் பிறகு இந்த வகைக்கு மதிப்புக் கூடியது. சரிவு ஒரே பக்கம் இருப்பதால் உள்ளே போகும்போது முனை திருகிக்கொண்டு போகும். அம்பின் இறகு எந்தத் திசையில் சுழற்றுகிறதோ அதே திசைக்குச் சரிவும் இருக்க வேண்டும்.

மூன்று அலகுகள் உள்ள முனையில் கதை வேறு. இரண்டு அலகுகளை ஒரே சமயத்தில் அரத்தின் மேல் படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். அலகுகளுக்கு நடுவே 120 பாகை இருப்பதால் வாய்க்கோணம் தானாகவே 60 பாகை வந்துவிடும், கோணத்தைக் கைக்கணக்கில் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் 60 பாகை தடித்த வாய். அதில் பிசிறு சரியாக எடுபடாவிட்டால் கூர் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. ஒவ்வொரு இழுப்புக்கும் முனையை உருட்டிக்கொண்டே, கடைசியில் முனையின் எடை மட்டுமே கல்லில் இருக்கிற அளவுக்கு லேசாகத் தேய்க்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் வந்திருந்தது. நீலகிரியில் தலைமுறை தலைமுறையாக இரும்புவேலை செய்தவர்கள் கோத்தர்கள், அவர்களுடைய சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன என்று. அவர்களுடைய ஏழு ஊர்களின் கொல்லர்கள் தோடர்களுக்கும் படகர்களுக்கும் கத்தி, கோடரி, அரிவாள் எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் மொழியில் தீட்டுவது பற்றிய சொற்கள் இருந்தால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல் என்று பெயர் போட்டு, தனிப் பத்தியில். ஆனால் கோத்த மொழி தனி மொழி. அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கித் தமிழ்க் கலைச்சொல் என்று பட்டியலில் போடுவது அவர்களுக்கும் மரியாதையில்லை, திண்டுக்கல்லில் படிக்கிறவருக்கும் உதவாது.

ஆக என் வாக்கு: பர் = பிசிறு, வயர் எட்ஜ் = பொய்க்கூர், பயன்பாட்டில் வாய் வளைந்துபோவது = மடிவாய். எட்ஜ் என்பதற்கு விளிம்பு வேண்டாம், வாய் என்றே இருக்கட்டும். விளிம்பு தட்டுக்கும் உண்டு, கத்திக்கு வாய் என்றால் வெட்டுகிற இடம்தான்.

அப்புறம், 'ஸ்ட்ராப்' (strop, தீட்டி முடிந்த அலகை இழுத்துத் தேய்க்கும் தோல்பட்டை) இன்னும் பாக்கி. 'தீட்டுவார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தோல்வாரைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது, ஆனால் வரிக்கு நடுவில் அது வினைமுற்றாகப் படிக்கப்பட்டுவிடும். சவரக்கத்தி பிடித்த பழைய கடைகளில் வெறும் 'வார்' என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வார் போதுமா, தீட்டுத்தோல் என்று விரிக்க வேண்டுமா என்று சேலம், மதுரைப் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர் வழக்கைப் பார்த்து எழுதுங்கள். அது வந்ததும் தீட்டுதல் பகுதியை முழுதாகப் பதிவேற்றிவிடலாம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து