ஆறு வருஷ வேலை, நாலு வருஷ மதிப்பு: ஆஸ்திரேலிய ஸ்கில்டு விசா அனுபவங்கள்

கோயம்புத்தூர்க்காரன்:

2017-இல் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு வேலைக்குப் போனவன் நான். 2023-இல் விசா வேலையைத் தொடங்கும்போது ஆறு வருஷம் முழுசாக ஆகியிருந்தது. இந்த விசாவுக்கு வயது, படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத்தான் ஆளை எடுப்பார்கள். வெளிநாட்டு அனுபவம் (ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பார்த்த வேலை) ஐந்து வருஷம் இருந்தால் 10 புள்ளி என்று படித்ததும், அதை அப்போதே என் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

ஐ.டி.க்காரர்களின் படிப்பையும் வேலையையும் சரிபார்க்கும் ஆஸ்திரேலிய அமைப்பு ஏ.சி.எஸ். அவர்கள் மதிப்பீடு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பட்டம் சரி, வேலையும் சரி. ஆனால் முதல் இரண்டு வருஷம் 'தகுதி பெறுவதற்கான காலம்' என்று கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்த வேலைக்குத்தான் புள்ளி. ஆறு நாலாகி, 10 புள்ளி 5 ஆகிவிட்டது. நைட் ஷிப்ட் பார்த்து கண்ணைக் கெடுத்துக்கொண்டதே அந்த முதல் இரண்டு வருஷத்தில்தான், அதை விடுங்கள்.

அதற்கு முன்னால் வேலை அனுபவக் கடிதத்துக்குப் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக்கதை. என்னென்ன வேலை செய்தோம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முழுநேரமா என்றெல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேண்டும். எங்கள் ஹெச்.ஆர். கொடுத்தது இரண்டு வரி: பதவி, தேதி. "எல்லாருக்கும் இந்த ஃபார்மேட்தான்" என்று மெயிலை முடித்துவிட்டார்கள். கடைசியில் பழைய டீம் லீட் ஒருவர் மனசு வைத்து அஃபிடவிட் கொடுத்தார். ஸ்டாம்ப் பேப்பரில் அடித்து நோட்டரியிடம் எடுத்துப் போனோம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'பைப்லைன் அமைத்துப் பராமரித்தார்' என்ற இடத்தில் நிறுத்தி, "குடிநீர் வாரியத்துலயா தம்பி வேலை?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

புள்ளிக் கணக்கு இதுதான். வயது 25-லிருந்து 32-க்குள் என்பதால் 30. பட்டத்துக்கு 15, கல்யாணம் ஆகாததற்கு 10 (வாழ்க்கையில் முதல்முறையாக இதனால் ஒரு லாபம்), அனுபவத்துக்கு 5. மொத்தம் 60. விண்ணப்பிக்கக் குறைந்தது 65 வேண்டும், ஆனால் 65-ஐ வைத்துக்கொண்டு ஐ.டி.க்காரனுக்கு விசா விண்ணப்பம் போடச் சொல்லி அழைப்பு வராது. பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் அப்போது 79 எடுத்தால் 20 புள்ளி. முதல் தடவை ரைட்டிங் 74-இல் நின்றது. அந்த ஹாலில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் மைக்கைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரர் படித்த வாக்கியம் இன்னும் எனக்கு மனப்பாடம். இரண்டாவது தடவை கிடைத்துவிட்டது. ஆக 80.

மீதி 5 புள்ளிக்குத்தான் தமிழ். நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழும் உண்டு. இரண்டு உரையாடல்கள். ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் தமிழிலும் பேசுவார்கள், நடுவில் நாம் இருந்து இருவருக்கும் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 35 வார்த்தைகள் வரை வரும். தாய்மொழிதானே, ஊதிவிடலாம் என்று ஒரு வாரம்தான் ஒதுக்கினேன்.

பயிற்சியில் உட்கார்ந்த முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. "உங்கள் இன்சூரன்ஸ் க்ளெய்ம் ரிஜெக்ட் ஆகிவிட்டது, அப்பீல் பண்ணலாம்." இதைத் தமிழில் சொல்லச் சொன்னால் நான் இதையேதான் சொல்கிறேன்! இருபது வருஷமாகத் தமிழ் என்று நினைத்துப் பேசியதில் பாதி ஆங்கிலம். தேர்வை இரண்டு மாதம் தள்ளிவைத்தேன். அம்மா தினமும் காலையில் தினத்தந்தியைச் சத்தமாகப் படிப்பார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். மாலையில் ஆங்கிலச் செய்தியை நான் தமிழில் சொல்வேன், அம்மா திருத்துவார். 'டெனன்ட்'டுக்கு நான் தடுமாறியபோது, "குடியிருக்கிறவங்கன்னு சொல்லேன், அதுக்கென்ன இவ்வளவு யோசனை" என்றார். 90-க்கு 63 எடுத்தால் பாஸ், அதிலும் ஒவ்வொரு உரையாடலிலும் 29 வேண்டும். எனக்கு 66. ஒரு மாநில அரசு பரிந்துரைக்கும் நாமினேஷனில் இன்னும் 5 சேர்ந்து, அந்தப் பரிந்துரையோடு தரும் 190 என்ற விசாவுக்கு 90 புள்ளியோடு அழைப்பு வந்தது.

திருச்சி சிவில்:

ஐ.டி.க்காரர்களுக்கு ஏ.சி.எஸ். என்றால் எங்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. எனக்கு சி.டி.ஆர். என்ற திறமை அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நாம் செய்த வேலைகளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வார்த்தைக்குள், பத்திக்கு எண் போட்டு எழுத வேண்டும். கொள்ளிடம் பக்கம் கட்டிய ஒரு சிறுபாலத்தைப் பற்றி எழுதிவிட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல நீ எங்கடா இருக்க?"

வரிக்கு வரி 'நாங்கள் வடிவமைத்தோம்', 'முடிவு செய்யப்பட்டது'. சைட்டில் எல்லாரும் சேர்ந்து செய்ததை 'நான்' என்று எழுத எனக்குக் கூச்சம். ஆனால் அவர்கள் தேடுவதே அந்த 'நான்'தான். மண் பரிசோதனை முடிவைப் பார்த்து அஸ்திவார ஆழத்தை மாற்றச் சொன்னது நான்தான், அது வரைவில் இல்லவே இல்லை! மறுபடி உட்கார்ந்து எழுதினேன். நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் சி.டி.ஆர். பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். காப்பி என்று பிடித்தால் நிராகரிப்பதோடு, சில காலம் மறுபடி விண்ணப்பிக்கவும் விடமாட்டார்கள்.

இன்னொன்று, 33-ஆவது பிறந்தநாளை நாள்காட்டியில் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள். அன்று காலை என் 30 புள்ளி தானாகவே 25 ஆனது. வீட்டில் பாயசம், எனக்கு இறங்கவில்லை. அழைப்பு முன்பே வந்திருந்தால் பாதிப்பில்லை, ஆனால் வரவில்லையே. பிறகு 15 புள்ளி தரும் 491-க்கு, அதாவது குறிப்பிட்ட பகுதிகளில் வசிப்பதற்கான ரீஜனல் விசாவுக்கு மாறினேன். 'ரீஜனல்' என்றதும் பட்டிக்காடு என்று பயந்தேன். விசாக் கணக்கில் அடிலெய்டே ரீஜனல்தான். இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து அக்கா:

தம்பி கோயம்புத்தூர், சி.சி.எல். கதை வாசிச்சுச் சிரிச்சுப்போட்டன். எனக்கு நேர்மாறான கரைச்சல். காப்புறுதி, ஓய்வூதியம், விண்ணப்பம் எல்லாம் நாங்கள் நாளாந்தம் பாவிக்கிற சொல்லுகள்தான், அதில் பயமில்லை. ஆனால் நான் பயிற்சி எடுத்த பதிவுகள் முழுக்க இந்தியத் தமிழ். வேகமும் கூட, 'ரேஷன் கார்டு', 'தாசில்தார்' என்று வந்தால் ஒரு கணம் நின்றுவிடுவன். அந்த ஒரு கணத்தில் அடுத்த பத்துச் சொல் போய்விடும்.

ஒவ்வொரு உரையாடலிலும் ஒரு தரம் திருப்பிக் கேட்கலாம், அதுக்குப் புள்ளி குறையாது. வெட்கப்பட்டு நான் முதல் உரையாடலில் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்டன். முதலாவதில் 28, இரண்டாவதில் 38. கூட்டினால் 66, தம்பி எடுத்த அதே 66. அவர் பாஸ், நான் பெயில். அடுத்த மாதம் திரும்ப எழுதுறன். தம்பியின்ர அம்மா போனில் பேப்பர் வாசிப்பாவோ என்று கேட்டுச் சொல்லும்.