சிங்கப்பூர் தாம்சன் ரோடு கிராண்ட் பிரி பந்தயம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நேவல்பேஸ்_பையன்:

1970. கிரேம் லாரன்ஸ் ஃபெராரியில் ஜெயித்த வருடம் என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். எனக்கு ஒன்பது வயது. அப்பா நேவல் பேஸில், அதாவது கடற்படைத் தளத்தில், ஃபிட்டர். சர்க்கஸ் ஹேர்பின் என்கிற கொண்டை ஊசி வளைவின் வெளிப்பக்கம், லோங்காங்குக்கு (பெரிய சாக்கடைக் கால்வாய்) முன்னால் நின்றிருந்தோம்.

பெரிய ரேஸைப் பற்றி எழுத வரவில்லை. அதற்கு முன்னால் ஓடிய சலூன் ரேஸ்தான் (சாதாரணக் கார்களின் ரேஸ்) ஐம்பது வருடம் தாண்டியும் என்னை விடவில்லை. தாம்சன் மைல் என்கிற நேர் ரோட்டில் முழு வேகத்தில் வந்து சர்க்கஸில் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும். ஒரு மினி கார் திரும்பவில்லை. டயர் அலற, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. அப்பா என் கையை விட்டுவிட்டு லோங்காங்கில் குதித்தார்.

அவர் மட்டும் இல்லை, எல்லோரும்தான் குதித்தார்கள். நான்தான் நின்றேன். தைரியம் எல்லாம் கிடையாது, கால் வரவில்லை. வண்டி ஏழெட்டு அடி தள்ளி நின்றது. புல்லும் மண்ணும் என் முழங்கால் வரைக்கும் தெறித்திருந்தது. டிரைவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கையை லேசாகத் தூக்கினார். மன்னிப்பா, தள்ளிப் போ என்கிறாரா, தெரியவில்லை. கியர் போட்டுக் கிளம்பிவிட்டார். அந்த இடம் முழுக்க விளக்கெண்ணெய் வாசம். அம்மா பேதிக்குக் கொடுப்பாரே, அதே வாசம்.

அப்பா ஏறி வந்தார். வெள்ளைச் சட்டையில் மார்பு வரைக்கும் சேறு. ஒன்றும் பேசவில்லை. சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று வாங்கித் தந்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். சேற்றைப் பற்றிச் சொன்னாரா, மற்றதைப் பற்றியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். பிறகு ஃபெராரி எத்தனையோ தடவை எங்களைத் தாண்டிப் போனது. நான் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயில்_கேன்:

நல்ல அனுபவம் அண்ணே. ஆனால் ஒரு திருத்தம். விளக்கெண்ணெய் வாசம் மினியில் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அது மோட்டார் சைக்கிள் ரேஸாக இருக்கும். ஆமணக்கில் செய்த காஸ்ட்ரால் ஆர் எஞ்சின் ஆயிலைப் பைக்காரர்கள் நிறைய ஊற்றினார்கள். எவ்வளவு சூடானாலும் உலோகத்தை விட்டு நகராது, அதுதான் அதன் குணம். கம்பெனிப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். குறை என்னவென்றால் பிசின் மாதிரி படியும், ரேஸ் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கழுவ வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு அதை ஊற்றக் கூடாது, இப்போதும் சிலர் வாசத்துக்காக ஊற்றுகிறார்கள், வேண்டவே வேண்டாம். நீங்கள் இரண்டு ரேஸையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் சின்னதுதான். ஸ்நேக்ஸ் என்கிற பாம்பு வளைவுகளில் ஓட்டிவிட்டு வந்த ஒரு பைக்காரர், வண்டிகளைப் பழுது பார்க்கும் பிட்டில் இறங்கினார். யாரோ ஒரு குவளை மைலோ கொடுத்தார்கள். வண்டி நின்றுவிட்டது, அவர் கை நிற்கவில்லை. மைலோ முழுக்க அவர் பூட்ஸில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, வெறும் குவளையை வாயில் வைத்துக் குடித்தார்.

செங்குன்றம்_சைக்கிள்:

நான் சிங்கப்பூர் பார்த்ததில்லை. ஆனால் பழைய ரேஸ் என்றால் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம் இல்லாமல் எப்படி? எண்பதுகளின் தொடக்கம், பிப்ரவரி மாதம். செங்குன்றத்திலிருந்து நாங்கள் மூன்று பேர், இரண்டு சைக்கிள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரன்வே, ஒரு மர நிழல் கிடையாது. தூரத்தில் வரும் கார்களுக்குச் சக்கரமே தெரியாது, கானலில் மிதந்து வரும். கிட்ட வந்த பிறகுதான் சக்கரம் முளைக்கும். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 கார் ஓட்டிய இடம். நாங்கள் போனது ஃபியட் பார்க்கத்தான், ஏனென்றால் தெருவில் பார்க்கிற வண்டி இந்த வேகம் போகுமா என்று ஒரு பந்தயம் எங்களுக்குள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபியட், பானெட் திறந்திருக்கிறது, ஒரே ஆவி. மெக்கானிக் ஓடி வந்து, "தம்பி, தண்ணி இருக்கா?" என்றார். பாவம் தாகம் என்று பாட்டிலை நீட்டினேன். ஈரச் சாக்கை மூடிமேல் போட்டுத் திறந்து, மொத்தத்தையும் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். நன்றிகூடச் சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் போனது. நான் நாக்கு ஒட்டிக்கொள்ள செங்குன்றம் வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். அந்த ஃபியட் எத்தனையாவதாக வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. என் தண்ணீர் எத்தனை சுற்று தாங்கியது என்றாவது தெரிந்தால் போதும்.

ஸ்பேனர்14:

சோழவரத்தை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? தலைப்பு கிராண்ட் பிரி. சென்னைக் கிளப் நடத்தியது நல்ல ரேஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கதை.

"தாம்சன் மட்டும் உலக சாம்பியன்ஷிப்பா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். 1961-ல் சுற்றுலாவுக்காகத் தொடங்கினார்கள், 1962 முதல் மலேசிய கிராண்ட் பிரி, 1966-லிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரி. அந்த வருடம் லீ ஹான் செங் லோட்டஸில் ஜெயித்தார், அடுத்த வருடம் ரோட்னி சியோ. உள்ளூர்க்காரர்கள் கதை அத்தோடு முடிந்தது. 1968-லிருந்து கடைசி வரைக்கும் ஆஸ்திரேலியாக்காரரும் நியூசிலாந்துக்காரரும்தான் கோப்பையைக் கொண்டுபோனார்கள். லாரன்ஸ் மட்டும் தொடர்ந்து மூன்று.

இன்னொன்று. பெட்ரோல் நெருக்கடியால்தான் ரேஸ் நின்றது என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி வந்தது 1973 அக்டோபரில். கடைசி ரேஸ் அதற்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. ரோடு என்ன ரோடு? தினம் பஸ் ஓடுகிற ரோடு. விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், மழை பெய்தால் நிரம்பி ஓடும் லோங்காங். 1964-ல் மழையால் ரேஸையே பாதியில் நிறுத்தினார்கள். 1972-லும் 1973-லும் அடுத்தடுத்து டிரைவர்கள் இறந்தார்கள். பெட்ரோல் இருந்திருந்தாலும் அது நின்றுதான் இருக்கும்.

என் அனுபவமா? 1973, மரத்தில் ஏறினேன். அங்கே முசுறு எறும்புக் கூடு. வெர்ன் ஷுப்பன் ஜெயித்ததை மறுநாள் பேப்பரில் படித்தேன்.

காலைநடை_மணி:

நான் ரேஸ் பார்த்தவன் இல்லை, 1973-ல் கைக்குழந்தை. அந்த ரேஸ் பாதையில் ஹம்ப் என்கிற மேட்டுக்குப் பக்கத்துக் கம்போங்கில் (கிராமத்தில்) வீடு, ரேஸ் நாளில் என்னைத் தூங்க வைக்கக் காதில் பஞ்சு வைத்தார்களாம். அவ்வளவுதான்.

ஆனால் இப்போது பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பழைய அப்பர் தாம்சன் ரோடு இன்னும் இருக்கிறது, ஒருவழிப் பாதை. ஸ்நேக்ஸ் வளைவுகள் அப்படியே. ஸ்பிரிங்லீஃப் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். 2019-ல் திறந்த தாம்சன் நேச்சர் பார்க் அந்த ரோட்டை ஒட்டித்தான், கழிப்பறை வசதி உண்டு. பிளாஸ்டிக் பை கையில் வேண்டாம், குரங்கு பிடுங்கும். மேலே கயிற்றுப் பாலம் தெரிந்தால் நின்று பாருங்கள், அரிய வகை லங்கூர் குரங்குகள் ரோட்டைக் கடக்கக் கட்டியது. ரோட்டோரமாக நடக்கும்போது வண்டி வரும் திசையைப் பார்த்து நடங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஏற்றத்தில் அவசரப்படாதீர்கள். முடித்துவிட்டுப் பராட்டா சாப்பிடலாம், ஆனால் நடந்த பலன் போய்விடும், நான் தோசையோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் நேவல்பேஸ் அண்ணனுக்கு ஒன்று. அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள், உடம்பு தானாகச் செய்வது அது. ஆனால் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: கூட்டத்தில் குழந்தையின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, வியர்வையில் வழுக்கும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வளைவில் நிற்பதானால் எப்போதும் உள்பக்கம். வெளிப்பக்கம் நின்றதே முதல் தப்பு.

ஆயில்_கேன்:

மணி சார் சொன்னது சரி, வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. நேவல்பேஸ் அண்ணே, அந்த மினி என்ன நிறம்? நம்பர் ஞாபகம் இருந்தால் யாருடையது என்று தேடிவிடலாம். விளக்கெண்ணெய் விஷயமும் தெளிவாகிவிடும்.

நேவல்பேஸ்_பையன்:

பச்சை. கூரை வெள்ளை. நம்பர் பார்க்கவில்லை. வாசம் வேறு ரேஸுடையதாகவே இருக்கட்டும், சண்டை வேண்டாம்.

மணி தம்பி, அப்பா மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தார்.