நேவி ஐயா வீட்டில் பார்த்த ‘காஸி’

குன்னூர் மழை:

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. பர்லியார் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. கரண்டும் இல்லை. எதிர்வீட்டு ஐயா வாசலில் நின்று, "தம்பி, எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, வா, படம் பார்க்கலாம்" என்று கூப்பிட்டார்.

வெலிங்டன் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு ஒரு சுபேதாராவது இருப்பார். நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ரஷ்யாவில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கிக் கப்பலில் எண்பதுகளில் இருந்தவர். கடலை விட்டு ஆறாயிரம் அடி மேலே ஏன் வந்து குடியேறினீர்கள் என்று கேட்டால், "இங்க காத்து நல்லா இருக்கு" என்பார், அவ்வளவுதான்.

போட்ட படம் ‘காஸி’. 2017-ல் வந்தது. சங்கல்ப் ரெட்டி இயக்கம், ராணாவும் கே.கே. மேனனும் நடித்தது. 1971 போரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியின் கதை. எனக்குப் பிடித்த படம் என்பதால், அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று கொஞ்சம் பயமாகவே இருந்தது.

தண்ணீருக்குள் ஒலியை வைத்துக் கப்பலைத் தேடும் சோனார் ‘டிங்... டிங்...’ என்று ஒலித்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இப்படி டிங் டிங்னு அடிச்சா நான் இங்க இருக்கேன்னு எதிரிக்குக் கடுதாசி போட்ட மாதிரி. நாங்க பெரும்பாலும் கேட்டுக்கிட்டுதான் இருப்போம்." என்ன கேட்கும் என்றேன். கப்பல் விசிறியின் சுழற்சியை எண்ணி, வருவது சரக்குக் கப்பலா போர்க்கப்பலா என்று சொல்லிவிடுவார்களாம். கரையோரம் ஆழம் குறைந்த கடலில் ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம்தான் பெரிய தொல்லையாம். "இவ அடுப்புல கடுகு தாளிக்கிற மாதிரியே இருக்கும்" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளேயிருந்து அம்மா, "ஆமா, பொரியல் மட்டும் வராது" என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதே நமக்குக் காது அடைத்துக்கொள்கிறதே, இருநூறு மீட்டர் ஆழத்தில் காது என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாதாம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதெல்லாம் வெளியே, இரும்புச் சுவரோடு போய்விடும். காது அடைப்பது மேலே வரும்போதுதானாம். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற டீசல் என்ஜின் ஓட வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். அதனால் ராத்திரியில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டுவார்கள். அலை அடித்தால் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். என்ஜினுக்கு அது தெரியுமா, கப்பலுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். "எழுபத்தஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துல காது டப்புனு அடைக்கும். மூடித் திறந்து, மூடித் திறந்து, ராத்திரி பூரா."

படத்தில் நீர்மூழ்கியும் நீர்மூழ்கியும் மோதுவது கற்பனை. நிஜக் காஸி, நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்பது நம் கடற்படையின் கணக்கு. உள்ளே நடந்த வெடிப்பு அல்லது காஸியே விதைத்த கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் பக்கக் கணக்கு. இதற்குள் ஐயா போகவே இல்லை. "உள்ள தொண்ணூறு பேருக்கு மேல இருந்தாங்க" என்றார்.

கடைசியில் எதிரியை வம்புக்கு இழுக்க எல்லோரும் சேர்ந்து ஜன கண மன பாடுவார்களே, அந்த இடம் வந்தது. எழுந்து நிற்பார் என்று நினைத்து நானும் பாதி எழுந்துவிட்டேன். அவர் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே போனார். டிவியில் வாய்கள் மட்டும் அசைந்தன, வெளியே தகரத்தில் மழை.

கோத்தகிரிக்காரி:

உங்கள் ஐயா இருந்த அதே வகைக் கப்பல்தான் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா. 1969-ல் கடற்படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்றது. காலேஜ் டூரில் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் 91 மீட்டர், நீளமாகத்தான் தெரியும். உள்ளே வட்டமான ஓட்டைகள் வழியாகக் காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். எனக்கு இரண்டு இடத்தில் தலையில் இடி. ஒருத்தர் எழுந்தால்தான் அந்தப் படுக்கையில் இன்னொருத்தர் படுப்பார் என்றார் சுற்றிக்காட்டியவர். பக்கத்திலேயே டார்பிடோ, தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கிற குண்டு. எங்கள் எஸ்டேட் லைன் வீடு சின்னது என்று அதுவரை அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அரவேணு ராத்திரி:

‘காஸி’ பிடித்தவர்கள் ‘டாஸ் பூட்’ பார்க்காமல் விடாதீர்கள். 1981, ஜெர்மன் நீர்மூழ்கிப் படம். நான் பார்த்தது 1997-ல் வந்த 209 நிமிட வடிவம். உறைபனி விழும் மார்கழி ராத்திரி, கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தும் வியர்த்தது. 280 மீட்டரில் தரைதட்டி ஆணிகள் தெறிக்கிற காட்சியில், எங்கள் வீட்டுத் தகரக் கூரை குளிரில் சுருங்கி ‘டக்’ என்றது பாருங்கள், உயிரே போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் யார் பக்கம் நின்று பார்ப்பது?

குன்னூர் மழை:

அதையும் ஐயாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன், ரிமோட்டை நான் வைத்துக்கொண்டு.

இன்னொன்று விட்டுப்போச்சு. நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடித்தான் காஸி வந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று நம்பவைத்தவர் கிழக்குக் கடற்படைத் தளபதி என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் பேசவைத்தது, மூட்டை மூட்டையாக ரேஷன் வாங்கவைத்தது எல்லாம் அவர் வேலை. இதையெல்லாம்விட, விக்ராந்தில் இருக்கும் மாலுமி அனுப்பியது போல ஒரு பொய்த் தந்தியும் போனது, உடம்பு சரியில்லாத அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு. அதை மட்டும் வைத்தே ஒரு படம் எடுக்கலாம். ஐயாவிடம் சொன்னேன். "அம்மா பேரைச் சொன்னா எவனும் நம்புவான்" என்றார்.