அட்டெண்டன்ஸ் குறைவு: மனநல மருத்துவர் சான்றிதழ் செல்லுமா?

தம்பி கோவைப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ், அண்ணா யுனிவர்சிட்டி இணைப்பு, முதல் வருஷம் இசிஇ. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டர்ல மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டும் அரியர். கணக்கு வராம இல்ல, கேள்வி என்ன கேக்குதுன்னே புரியலங்கறான்.

ரிசல்ட் வந்ததுல இருந்து தூக்கம் இல்ல, மெஸ்ஸுக்குப் போறதில்ல, ரூமை விட்டு வெளியவே வரல. அட்டெண்டன்ஸ் இப்போ 68 சதவீதம்; 75 வேணும்.

காலேஜ் கவுன்சலர்கிட்ட போனான். பேசினது மெண்டர் (அவனைக் கவனிச்சுக்கற வாத்தியார்) காதுக்குப் போயிடுச்சுன்னு சந்தேகம், மறுபடி போக மாட்டேங்கறான். அரசோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416-க்குப் போன் பண்ணோம். தமிழ்லயே பொறுமையா பேசி, டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க. ஜிஹெச் மனநலப் பிரிவுல காட்டி மாத்திரை ஆரம்பிச்சாச்சு, இப்போ தூங்கறான். பாடத்துக்கு ஒரு சீனியர் தமிழ்ல சொல்லித் தர்றார், அது பிரச்சினை இல்ல.

65-க்கு மேல இருந்தா மெடிக்கல் காரணம் காட்டி கண்டோனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவைப் பொறுத்துப் பரீட்சை எழுத விடறது) கேக்கலாம். ஆனா ஆபீஸ்ல, "அட்மிட் ஆகியிருந்தாதான் தருவோம்"ங்கறாங்க. படுக்கையில விழுந்தாதான் நோய் போல! கையில ஓபி சீட்டு மட்டும்தான் இருக்கு.

அட்மிட் ஆகாம, மனநல டாக்டர் சான்றிதழ் வச்சு கண்டோனேஷன் வாங்கினவங்க யாராவது இருந்தா, என்னென்ன பேப்பர் கொடுத்தீங்க?