மூன்று மாத ஜும்பா பேட்ச்: பழக்கம் வருமா, பணம் போகுமா?

வேளச்சேரிவாசி:
வீட்டுக்குப் பக்கத்தில் ஜும்பாவும் (பாட்டுக்கு ஆடும் பயிற்சி) ஸ்டெப்பும் (தாழ்ந்த பலகைமேல் ஏறி இறங்கும் பயிற்சி) கலந்த பேட்ச் இருக்கிறது. வாரம் 3 நாள், காலை 6 மணி, 45 நிமிடம். மாதம் 2,000 ரூபாய், மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 4,500. உடற்பயிற்சிப் பழக்கமே கிடையாது. சேரலாமா, இல்லை அந்தக் காசுக்கு டம்பெல் வாங்கி மொட்டைமாடியில் ஆரம்பிக்கலாமா?

ஆறுமணி பேட்ச்:
சேருங்க. தனியா செய்யறவங்களுக்குத் தினமும் எப்போ, என்ன, எவ்வளவுன்னு மூணு முடிவு எடுத்தாகணும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நழுவுறாங்க. வகுப்புல அந்த மூணையும் மாஸ்டர் எடுத்துடுவார், நீங்க போய் நின்னா போதும். கூட்டத்துக்கே ஒரு இழுவை உண்டு. 1926-ல ஓட்டோ கோலர்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகோட்டிகளை வச்சு சோதிச்சார். ஒருத்தர் விட்டா எல்லாருக்கும் நிக்கும்கிற மாதிரி சேர்த்து எடை தூக்க வச்சப்போ, பலம் குறைஞ்சவர் தனியா தூக்கினதை விட அதிக நேரம் தாக்குப்பிடிச்சார்.

மாடிப்படி:
அதே சோதனையின் மறுபாதியையும் சொல்லுங்க. இருவருக்கும் பலத்தில் வித்தியாசம் ரொம்ப அதிகமானால் அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஆடுகிறவர்கள் நடுவில் புதியவரை விட்டால் அவர் ஓரமாகத்தான் ஒதுங்குவார். மேலும், ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு முயல்கிறோம் என்பது வேறு, அடுத்த வாரமும் வருகிறோமா என்பது வேறு.

பணக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க ஜிம்களைப் பற்றி டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அங்கேயே 10 வருகைக்கான கார்டு எடுத்திருந்தால் ஒரு வருகை 10 டாலரில் முடிந்திருக்கும். சேரும் நாளில் எல்லோருக்கும் தன்மேல் நம்பிக்கை அதிகம்!

ஆறுமணி பேட்ச்:
அது எப்ப வேணா வந்துட்டுப் போற ஜிம். இங்கே 6 மணிக்குக் கதவு சாத்துவாங்க. தினம் ஒரே நேரம், ஒரே இடம்னு இருந்தாதான் பழக்கம் ஒட்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனிச்சதுல, ஒரு செயல் தன்போக்குல நடக்க நடுநிலையா (பாதிப் பேருக்கு அதுக்குள்ள, மீதிப் பேருக்கு அதுக்கு மேல) 66 நாள் ஆச்சு. நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிய சேதமும் இல்ல.

மாடிப்படி:
அவர்கள் எடுத்துக்கொண்டது தினமும் செய்யும் காரியம். அந்த 12 வாரத் தரவை வைத்து அவர்கள் கணித்ததில், 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. உங்கள் பேட்ச் மூன்று மாதத்தில் 36 வகுப்பு. பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. அதற்குள் நவம்பர் மழை, பொங்கல் லீவு, மாஸ்டர் மாற்றம் எல்லாம் வரும். முன்னால் ஆடுபவரைப் பார்த்தே ஆடிப் பழகியவருக்கு வகுப்பு இல்லாத அன்றைக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாது.

மூட்டுக்காவல்:
பிசியோதெரபி பக்கத்திலிருந்து. 66-வது நாளை அப்புறம் பார்க்கலாம், புதியவர் கழன்றுகொள்வது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். பழக்கமில்லாத தசைக்கு வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். திங்கட்கிழமை முழு வகுப்பும் குதித்தால் புதன்கிழமை வகுப்பு சரியாக அந்த உச்சத்தில் வந்து நிற்கும். படி இறங்கவே முடியாதவர் எப்படி வருவார்? முதல் வாரம் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். குதிப்பதற்குப் பதில் அதே தாளத்துக்கு நடந்தால் போதும்.

ஸ்டெப் பலகையை 4 அங்குலத்தில் வையுங்கள், அடியில் கூடுதல் கட்டை வேண்டாம். பாதம் முழுதும் பலகைமேல் பதிய வேண்டும், குதிகால் வெளியே தொங்கக் கூடாது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 128 தட்டைத் தாண்டினால் கால் பாதி ஊன்றும்போதே அடுத்த அடி வந்துவிடும், கணுக்கால் பிசகுவது அப்போதுதான். அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய ஓட்ட ஷூ ஜும்பாவுக்கு ஆகாது. தரையைக் கவ்விக்கொள்வதால், உடம்பு திரும்பும்போது முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை: கடும் வகுப்புக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. முதல் ஸ்பின் வகுப்புக்கு (நின்ற இடத்திலேயே வேகமாக சைக்கிள் மிதிப்பது) போய்வந்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. உங்கள் வகுப்பு 135 நிமிடம். தசைப் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த டம்பெல் வீண்போகாது.

மாடிப்படி:
நேரக் கட்டுப்பாடு பற்றி ஒன்று விட்டுப்போச்சு. கூகுள் ஊழியர் சுமார் 2,500 பேரிடம் நடந்த சோதனையில், குறித்துக்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஜிம்முக்குப் போனால் மட்டுமே ஊக்கத்தொகை என்று ஒரு குழு. எப்போது போனாலும் தொகை என்று இன்னொரு குழு. தொகை நின்ற பிறகு அதிகம் போனது இரண்டாவது குழுதான். முதல் குழு அந்த நேரம் தவறினால் அன்றைக்குப் போவதையே விட்டுவிட்டது.

ஆறுமணி பேட்ச்:
கூகுள்காரங்களுக்கு ஜிம் ஆபீஸ்லயே இருக்கு சார். டிபன், ஸ்கூல் வேன், தண்ணி மோட்டார்னு ஓடுற வீட்டுல "எப்ப வேணா"ன்னா எப்பவுமே இல்லன்னுதான் அர்த்தம். காசு கட்டின 6 மணி வகுப்புன்னாதான் வீட்டுல இருக்கிறவங்களும் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பாங்க. ஆனா வகுப்பு இல்லாத நாளும் அதே 6 மணிக்கு ஷூ மாட்டணும்கிறதை ஒத்துக்கிறேன். 20 நிமிஷம் படி ஏறி இறங்குங்க, இல்லன்னா ஸ்க்வாட் 10, சுவத்துல கை ஊன்றி புஷ்அப் 10, இப்படி மூணு சுத்து.

சேர்றதுக்கு முன்னாடி பேட்சை மாசக் கடைசியில போய்ப் பாருங்க. 5-ம் தேதி எந்த பேட்சும் நிரம்பித்தான் இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் குதிக்காத மாற்று ஒண்ணு மாஸ்டர் காட்டுறாரான்னு கவனிங்க. இரண்டாவது வரிசை ஓரத்துல நில்லுங்க, கடைசி வரிசையில நின்னா மாஸ்டர் கால் தெரியாது.

வேளச்சேரிவாசி:
நன்றி. பத்து வகுப்புக் கார்டு உண்டா என்று கேட்டேன், இல்லையாம்.

மாடிப்படி:
அப்படியானால் ஒரு மாதம் மட்டும். முதல் மாதத்திலேயே நின்றால் 2,500 மிச்சம். மூன்று மாதமும் போனால் 1,500 கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள், அது காப்பீடு.

ஆறுமணி பேட்ச்:
முதல் மாசம் 12-ல 9 வகுப்பு போயிட்டா, அடுத்து மூணு மாசத்துக்குக் கட்டுங்க. சலுகை எங்கேயும் ஓடிடாது.